சந்தேகப்படுவதற்குச் சம்பளம்

புற்றுநோய் என்றால் பரம்பரை, தொற்றுநோய் என்றால் கிருமி. பெரும்பாலானோர் மனதில் கணக்கு இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. 1988-இல் வெளிவந்த ஒரு டென்மார்க் ஆய்வு இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது. 1924 முதல் 1926 வரை பிறந்து, சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்டவர்களின் 960 குடும்பங்களை அதில் ஆராய்ந்தார்கள். பெற்ற தாயோ தந்தையோ 50 வயதுக்குள் தொற்றுநோயால் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் தொற்றுநோயால் அகால மரணம் நேரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. புற்றுநோயில் நிலைமை நேர்மாறு. பெற்றவர் புற்றுநோயால் இறந்தது பிள்ளையின் வாய்ப்பைக் கிட்டத்தட்ட மாற்றவே இல்லை; வளர்த்தவர் இறந்திருந்தால்தான் அது ஐந்து மடங்கானது.

இறப்பு எண்ணிக்கை சிறியது. ஆகவே அந்த 'ஐந்து மடங்கை' வைத்துக்கொண்டு நான் யாருடனும் மல்லுக்கு நிற்கமாட்டேன். புற்றுநோயில் பரம்பரைக்குப் பங்கில்லை என்றும் இதற்குப் பொருளில்லை. எல்லாப் புற்றுநோய்களிலும் 5 முதல் 10 விழுக்காடு வரை, பிறவியிலேயே வந்த வலுவான மரபணுக் கோளாறால் ஏற்படுபவை; அந்தக் குடும்பங்கள் பெருங்கூட்டத்தில் கரைந்துவிடுகின்றன. ஆனாலும் முனைவர் பட்டம் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று தேடிக்கொண்டிருந்த நாட்களில் என்னைப் பிடித்து நிறுத்திய கட்டுரை இதுதான். புற்றுநோய், தொற்று இரண்டுக்குமான பிறவி அபாயத்தைச் சேர்த்துப் பார்க்கும் குழு ஒன்றில் போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகச் சேர்ந்தேன். அங்கே கற்றதில், இந்த வேலைக்கு அடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றுவதை எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது மரபணுப் பரிசோதனை எடுக்கச் சொல்லியிருந்தால், துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் சில பகுதிகள் உதவக்கூடும்.

சேர்த்துப் பார்க்கும் குழு என்றேனே தவிர, வாராந்திரக் கூட்டத்தில் புற்றுநோய்க்காரர்கள் ஒரு பக்கமும் தொற்றுக்காரர்கள் மறுபக்கமும்தான் உட்காருவார்கள். படித்த படிப்பு வேறு, படிக்கும் இதழ்கள் வேறு, போகும் மாநாடுகள் வேறு. இந்த இடைவெளிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் மரபணுக்கள்தான் என் பங்குக்கு வந்தன. காட்டா2 என்ற மரபணுவைச் சொல்லலாம். காசநோய்க் கிருமியின் இனமான மைக்கோபாக்டீரியங்களின் அரிதான தொற்றும் பூஞ்சைத் தொற்றும் அடிக்கடி வந்து, இரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளணுக்களே காணாமல்போகும் நோயாளிகளை ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக இரத்தப் புற்றுநோய் வரும் குடும்பங்களை இன்னொரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. கால் வீக்கத்தோடு இரத்தப் புற்றுநோயும் சேர்ந்து வருகிறவர்களை மூன்றாவது குழு. 2011-இல் மூன்று குழுக்களும் வந்து சேர்ந்தது காட்டா2-இல். அதுவரை மூன்று பெயர்களில் மூன்று துறை மருத்துவர்கள் பார்த்துவந்தது ஒரே கோளாறைத்தான்.

இது விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஏடிஎம் மரபணு 1995-இல் கண்டறியப்பட்டது. தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என்று வரும் அதன் இரண்டு பிரதிகளும் கெட்டுப் பிறக்கும் குழந்தைக்கு நடை தள்ளாடும்; பலருக்கு நுரையீரல் தொற்று திரும்பத் திரும்ப வரும்; நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம். ஒரு பிரதி மட்டும் கெட்ட பெண்ணுக்கு நடையிலும் எதிர்ப்பாற்றலிலும் குறை தெரியாது. மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகும். காரணம் விளங்கிவிட்டால் வியப்பு அடங்கிவிடும். எண்ணற்ற கிருமிகளுக்கு எண்ணற்ற வகை எதிர்ப்பொருள் செய்ய வேண்டியிருப்பதால், நம் எதிர்ப்புச் செல்கள் தங்கள் டிஎன்ஏவைத் தாங்களே வெட்டி, இடம் மாற்றி, ஒட்டிக்கொள்கின்றன. வெட்டிய இடத்தை மேற்பார்வையிட்டு ஒட்டவைக்கும் புரதங்களில் ஏடிஎம்மும் ஒன்று. மற்ற செல்களில் டிஎன்ஏ தற்செயலாக முறியும்போதும் அதே புரதம்தான் ஓடிவருகிறது. ஆகவே அது பழுதானால் இரண்டு வேலையும் கெடுகிறது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நடைமுறைப் பாடம், நோயாளிக் குறிப்பேட்டைப் படிக்கும் விதத்தில். இரத்தப் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து வரும் குறிப்பேட்டில் நோயின் வகை, மருந்து, அளவு எல்லாம் வரிவரியாக இருக்கும். சிறு வயதில் என்ன தொற்று வந்தது என்பது இருக்காது. ஒரு முறை, ஒதுக்கிவைக்கவிருந்த ஒரு குறிப்பேட்டின் ஓரத்தில், செவிலியரின் கையெழுத்தில் "இரு கைகளிலும் மருக்கள், பள்ளிப் பருவம் முதல்" என்று ஒரு வரி பார்த்தேன். மருவைப் பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் யார் பேசுவார்கள்? அது எங்களுக்குக் காட்டா2-ஐ முதலில் பார்க்கச் சொன்ன வரி. மரு என்பது பாப்பிலோமா வைரஸ் தொற்று. வளர்ந்த பிறகும் அது விடாமல் படர்ந்திருந்தால், எதிர்ப்பாற்றலில் ஏதோ குறையிருக்கலாம்; காட்டா2 கோளாறு உள்ளவர்களிலும் இது காணப்படும். அதற்குப் பிறகு எங்கள் விவரப் படிவத்தில் இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் சேர்த்தோம்: புற்றுநோயாளியிடம் மரு, காசநோய், அக்கி, திரும்பத் திரும்ப வந்த நிமோனியா பற்றி, தொற்றுநோயாளியிடம் குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன புற்றுநோய் என்று. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. கேட்டால் சொல்கிறார்கள்.

குடும்பத்தார் சொல்வதற்குக் காது கொடுப்பது இந்தத் துறைக்குப் புதிதும் அல்ல. 1895-இல் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவரிடம் ஒரு தையற்காரப் பெண், தன் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள், தானும் புற்றுநோயால்தான் சாவேன் என்று சொல்லியிருக்கிறார். அப்படியே இளவயதில் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். குடல், கருப்பைப் புற்றுநோய்கள் பரம்பரையாக வரும், இன்று லிஞ்ச் நோய்க்குறி என்று அழைக்கப்படுவதன் முதல் பதிவு அதுதான். மரபணு கையில் கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இனி, நாள்தோறும் செய்யும் வேலைக்கு வருகிறேன். எந்த மனிதரின் மரபணுத் தொகுதியை எடுத்து, ஒப்பிடுவதற்கென்றே எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் மாதிரித் தொகுதியோடு ஒப்பிட்டாலும் 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபாடு தெரியும். அவற்றில் பெரும்பாலானவற்றால் ஒரு தீங்கும் இல்லை. வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் பத்துப் பதினைந்து மிஞ்சும். இந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர்களுக்குக் கண் மின்னும். மிஞ்சியதில் ஏதாவது ஒன்றைச் சுற்றி அழகான கதை ஒன்றைக் கட்டிவிட முடியும். எந்த மரபணுவைக் கொடுத்தாலும் அதைப் புற்றுநோயோடோ எதிர்ப்பாற்றலோடோ தொடர்புபடுத்தும் கட்டுரை ஒன்று எங்காவது இருக்கும். எங்கள் குழுத் தலைவர் கதையைக் கேட்கவே மாட்டார். "இது காரணமில்லை என்றால் எதைப் பார்த்து அது தெரியும்?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. அதற்குப் பதில் எழுதித் தராமல் அடுத்த கட்டச் சோதனைக்குப் பணம் கிடையாது. எனக்கு மாதச் சம்பளம் கொடுப்பது சந்தேகப்படுவதற்குத்தான் என்பது விரைவிலேயே விளங்கிவிட்டது.

சந்தேகத்துக்கு நல்ல காரணம் உண்டு. 2016-இல் 60,706 பேரின் புரதக் குறியீட்டுப் பகுதிகளைத் தொகுத்த எக்ஸாக் என்ற தரவுத்தொகுப்பின் கட்டுரை வந்தது. அதுவரை 'நோய் உண்டாக்கும் மாற்றம்' என்று பதிவாகியிருந்தவற்றில் சராசரியாக 54 ஒவ்வொருவரிடமும் இருந்தன. ஒருவருக்கு 54 அரிய பரம்பரை நோய்கள் இருக்க முடியாது. ஏதாவது ஒரு மக்கள்தொகையிலாவது வழக்கத்துக்கு மாறாக அதிகம் காணப்பட்ட 192 மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது, நோய்க்குக் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இருந்தது 9-க்கு மட்டுமே. பல மாற்றங்கள் 'அரிது' என்று கருதப்பட்டதற்குக் காரணம், அவற்றைச் சுமக்கும் மக்களை யாரும் அதற்கு முன் எண்ணிப் பார்க்காததுதான். ஐரோப்பியரில் அரிதாக இருப்பது தெற்காசியரிலோ ஆப்பிரிக்கரிலோ சாதாரணமாக இருக்கலாம். ஆகவே மொத்த சராசரியைப் பார்த்துவிட்டு நகராதீர்கள். நோயாளியின் வம்சாவளிக்கு நெருங்கிய மக்களில் அந்த மாற்றம் எவ்வளவு என்று தனியே பாருங்கள். எக்ஸாக்கின் வாரிசான நோமேட் தொகுப்பில் இன்று 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு இருக்கிறது. இலவசமாகப் பார்க்கலாம், சில நொடி வேலை.

அடுத்த பாடத்தைத் திரையில்தான் காட்ட வேண்டும். ஐஜிவி என்ற மென்பொருளைத் திறந்தால், படித்த டிஎன்ஏ துண்டுகள் சாம்பல் நிறப் பட்டைகளாக ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கிக் கிடக்கும். மாதிரியிலிருந்து எழுத்து மாறிய இடத்தில் மட்டும் நிறம் தெரியும்: ஏ பச்சை, டி சிவப்பு, சி நீலம், ஜி ஆரஞ்சு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த மாற்றம் என்றால் ஏறத்தாழப் பாதிப் பட்டைகளில் நிறம் இருக்க வேண்டும். வேதிமருத்துவம் (கீமோதெரபி) முடித்த, அறுபதைத் தாண்டிய ஒரு நோயாளியின் அறிக்கையில் டிபி53 மரபணுவில் கெடுதலான மாற்றம் என்று வந்திருந்தது. புற்றுநோயைத் தடுக்கும் மரபணு அது. பிறவியிலேயே கெட்டிருந்தால், இளவயதிலேயே பலவகைப் புற்றுநோய் வரக்கூடிய லி-பிராமெனி நோய்க்குறி. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் சோதித்து, மாற்றம் உள்ளவர்களுக்கு ஆயுள் முழுதும் ஆண்டுதோறும் உடல் முழுக்க எம்ஆர்ஐ எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கும். திரையைத் திறந்து பார்த்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு. நூற்றுக்கு இருபதுகூடத் தேறாது.

வயது ஏற ஏற, எலும்பு மஜ்ஜையில், இரத்த செல்களை உண்டாக்கும் ஏதோ ஒரு மூலச்செல்லில் தற்செயலாக மாற்றம் விழுந்து, அதன் வழித்தோன்றல்கள் இரத்தத்தில் பெருகுவது இயல்பாகவே நடக்கிறது. வேதிமருத்துவம் இதைக் கூட்டுகிறது, குறிப்பாக டிபி53 மாற்றம் உள்ள செல்கள் மருந்துக்குத் தப்பிப் பிழைப்பதால். இப்படி வந்த மாற்றம் இரத்தத்தோடு சரி, பிள்ளைகளுக்குப் போகாது. அதை உறுதிசெய்ய உமிழ்நீர் போதாது, அதிலும் வெள்ளணுக்கள் கலந்திருக்கும். தோலில் சிறு துண்டு எடுத்து, அதிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வளர்த்துப் பார்க்க வேண்டும். சில வாரங்கள் பிடிக்கும். தோலில் அந்த மாற்றம் இல்லை. ஒரு குடும்பமே பரிசோதனைக் கூடத்துக்கு நடப்பது நின்றது. அறிக்கையில் பெயரும் எண்ணும் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பி, மூலத் தரவைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

தொழில்நுட்பத் தொல்லைகள் வேறு பல உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிஞ்ச் நோய்க்குறி மரபணுக்களில் ஒன்றான பிஎம்எஸ்2-க்கு, அதைப் போலவே எழுத்து அமைந்த, ஆனால் வேலை செய்யாத பொய்மரபணு ஒன்று இருக்கிறது. குட்டைத் துண்டுகளாகப் படித்த தரவில் எது எங்கிருந்து வந்தது என்று குழம்பும். மாதிரித் தொகுதியின் 2009 பதிப்பும் 2013 பதிப்பும் இன்னும் அருகருகே புழங்குகின்றன. இரண்டிலும் இட எண்கள் வேறு. யாராவது ஓர் எண்ணைக் கொடுத்தால் எந்தப் பதிப்பு என்று கேட்காமல் வாங்காதீர்கள். எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும் தொல்லை தாங்காமல், 2020-இல் அந்த மரபணுக்களுக்கே பெயரை மாற்றினார்கள். ஒரு விரிதாளுக்காக உயிரியல் இறங்கிவந்த கதை அது.

தொற்றுப் பக்கத்தில் வேறொரு சிக்கல். புற்றுநோய் மரபணுவைச் சுமப்பவர் வாழ்ந்தாலே போதும், அபாயம் ஓடிக்கொண்டிருக்கும். தொற்றுக்கான மரபணுவைச் சுமப்பவர் அந்தக் கிருமியைச் சந்திக்க வேண்டும். வைரஸை உணரும் டிஎல்ஆர்3 மரபணுவின் கோளாறு, ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்குள் புகுந்து அழற்சி உண்டாக்க வழிவிடுகிறது என்பது 2007-இல் தெரிந்தது. ஆனால் அதே மாற்றத்தைச் சுமந்துகொண்டு நலமாக இருக்கும் பெற்றோரும் உடன்பிறந்தோரும் உண்டு. நலமாக இருக்கும் உறவினரிடமும் மாற்றம் இருக்கிறது என்பதாலேயே அதைத் தள்ளிவிட்டால், உண்மையான காரணத்தைக் கைநழுவ விடுவோம். யாரிடம் இருந்தாலும் பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டால், எதையும் நிரூபித்துவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவே வழி காட்டுவது செல் அளவிலான சோதனைதான். நோயாளியின் செல்லில் வைரஸை விட்டுப் பார்த்து, நல்ல மரபணுவைத் திருப்பிக் கொடுத்தால் குறை சரியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

கொரோனாக் காலம் இதற்கு இன்னொரு பாடத்தையும் சேர்த்தது. உயிருக்குப் போராடிய 60 வயதுக்கு உட்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 1.8 விழுக்காட்டினரிடம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிஎல்ஆர்7 மரபணு கெட்டிருந்தது; வைரஸை உணர்ந்து, இண்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கவைப்பது அதன் வேலை. அது பரம்பரை. ஆனால் கடுமையாக நோயுற்றவர்களில் குறைந்தது 10 விழுக்காட்டினரிடம், அவர்கள் உடலே தன் இண்டர்ஃபெரானுக்கு எதிராக உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் இருந்தன என்று 2020-இல் தெரிந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரு சாராருக்கும் வித்தியாசமே தெரியாது, இண்டர்ஃபெரான் வேலை செய்யவில்லை என்பதுதான் தெரியும். மரபணுவைத் தேடுவதற்கு முன் ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் இதைப் பார்த்துவிடுங்கள். மரபணுவில் தேடிப் பல மாதங்கள் போன பிறகு அதைப் பார்ப்பது வயிற்றெரிச்சல்.

இரு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் என்ன லாபம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது 2023-இல் வந்த ஜப்பானிய ஆய்வை. வயிற்றுப் புற்றுநோய் உள்ள 10,426 பேரையும் இல்லாத 38,153 பேரையும் ஒப்பிட்டார்கள். அதே ஆய்வின் இன்னொரு சிறிய தொகுப்பில், வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்து, பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம், பால்பி2 போன்ற டிஎன்ஏ பழுதுநீக்க மரபணுக்களில் கோளாறு இல்லாதவர்களுக்கு, 85 வயதுக்குள் வயிற்றுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 14.4 விழுக்காடு. கிருமியும் இருந்து கோளாறும் இருந்தால் 45.5 விழுக்காடு. பிந்தைய எண்ணின் பிழை எல்லை அகலமானது, 20.7-இலிருந்து 62.6 வரை, அதையும் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கவனியுங்கள்: இந்த மரபணுக் கோளாறுகளைத் திருத்த இன்று நம்மிடம் வழியில்லை, கிருமியை ஓரிரு வாரம் மாத்திரை கொடுத்து ஒழிக்க முடியும். அந்தக் கிருமியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது. பரம்பரை அபாயம் என்றதும் தலைவிதி என்று கையை விரிப்பவர்களிடம் இந்த ஆய்வைக் காட்டலாம். எங்கள் கூட்டத்தில் இரண்டு பக்கத்தாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து விவாதித்த கட்டுரையும் இதுதான்.

இந்த வேலையில் இருந்தால் உறவுக்காரர்களின் தொலைபேசி அழைப்புக்கும் தயாராக இருக்க வேண்டும். பெரியம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் சித்தி அழைத்தார். "நீ இதைத்தானே ஆராய்ச்சி செய்கிறாய்? எனக்கு ஒரு டெஸ்ட் எடுத்து வருமா வராதா என்று சொல்லிவிடேன்."

"முதலில் பெரியம்மாவுக்குத்தான் எடுக்க வேண்டும் சித்தி."

"அவளே நொந்து கிடக்கிறாள். அவளிடம் போய் இன்னும் இரத்தம் கொடு என்று கேட்பதா?"

கேட்கத்தான் வேண்டும். நோய் வந்தவரிடம் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இல்லை என்று வந்தால் அந்த 'இல்லை'க்கு அர்த்தம் உண்டு. நோய் வராதவரை முதலில் சோதித்து ஒன்றும் இல்லை என்று வந்தால், குடும்பத்தில் ஓடும் மாற்றம் அவரிடம் இல்லையா, அல்லது இந்தப் பரிசோதனைக்கு அது சிக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சூலகப் புற்றுநோய் என்றால் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும் பெரும்பாலான வழிகாட்டு நெறிகள் பரிசோதனையைப் பரிந்துரைக்கின்றன, சிகிச்சைக்கான மருந்தைத் தேர்வுசெய்யவும் அது உதவும். ஆகவே பெரியம்மாவுக்கும் அது வீண் தொல்லையில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவர்களை மரபணு ஆலோசகரிடம் அனுப்பினேன். ஆய்வகத்தில் சொந்தக்காரர்களின் இரத்தத்தைச் 'சும்மா' ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒப்புதல் இல்லை, ஆலோசனை இல்லை, முடிவு வந்த பிறகு அதைத் தெரியாததாக ஆக்கவும் வழியில்லை.

மரபணு ஆலோசகர்களிடமிருந்து நான் கற்றது, நான் கற்றுக்கொடுத்ததைவிட மிக அதிகம். அப்பா வழியைக் கேளுங்கள் என்பார்கள். மார்பக, சூலகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மாற்றம் ஆண்கள் வழியாகவும் அப்படியே இறங்குகிறது, அத்தைமாருக்கு என்ன வந்தது என்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. அறிக்கையில் 'முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்' என்று வந்திருந்தால், அதை வைத்து அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது. உறவினர்களுக்கு அபாயம் உண்டா என்று பார்க்கவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. பிறகு ஆதாரம் சேரும்போது, இவற்றில் மறுவகைப்படுத்தப்படுபவை மிகப் பெரும்பாலும் தீங்கற்றவை பக்கமே போகின்றன. அந்த ஆதாரம் சேரும் வேகமும் கூடியிருக்கிறது. 2018-இல் ஒரு குழு, பிஆர்சிஏ1-இன் முக்கியமான 13 பகுதிகளில் ஏறத்தாழ 4,000 ஒற்றை எழுத்து மாற்றங்களைக் மரபணுவை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் முறையில் செல்களில் செய்து பார்த்து, எவை அந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்கின்றன என்று பட்டியலிட்டது. ஒரே ஒரு மாற்றத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடியவர்களுக்கு அதைப் படித்தபோது மகிழ்ச்சியும் கொஞ்சம் பொறாமையும் வந்திருக்கும். எனக்கு வந்தது.

போஸ்ட்டாக் வேலை தேடுகிறவர்களுக்கு இனி வேலை பற்றியே சில வார்த்தைகள். நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பது இருக்கட்டும். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தரவு இப்போது எங்கே இருக்கிறது என்பது. 'வந்துகொண்டிருக்கிறது', 'அனுமதி கிடைத்துவிடும்' என்றால், உங்கள் ஒப்பந்தக் காலத்தின் கணிசமான பகுதி படிவம் நிரப்புவதில் போகும் என்று பொருள். மனித மரபணுத் தரவுக்கு நெறிமுறைக் குழு, தரவு அணுகல் குழு, இரு நிறுவனங்களின் சட்டப் பிரிவு என்று கையெழுத்துகள் வரிசையாக வேண்டும். யாரும் அவசரப்படமாட்டார்கள், அவசரப்படவும் கூடாது. இரண்டாவது கேள்வி, நோயாளிகள் கொடுத்த ஒப்புதலில் மீண்டும் தொடர்புகொள்ள அனுமதி இருக்கிறதா என்பது. அது இல்லாவிட்டால், தோல் மாதிரியோ பெற்றோரின் இரத்தமோ கேட்க முடியாது. எவ்வளவு அருமையான மாற்றம் கிடைத்தாலும் அங்கேயே நின்றுவிடும். மூன்றாவது, செல் சோதனை செய்யப்போவது யார். கணினிப் பக்கத்துக்காரர் ஒருவரும் சோதனைச்சாலைக்காரர் ஒருவரும் சேர்ந்தால்தான் இந்த வேலை முடியும்; கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்பதை, முடிவு வந்த பிறகு பேசினால் நட்பு கெடும். முதல் மாதத்திலேயே, மின்னஞ்சலில், எழுத்தாகப் பேசிவிடுங்கள்.

ஒரே கேள்வியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்பதும் என் கருத்து. அரிய நோயில் ஒற்றைக் குடும்பத்தை வைத்துக்கொண்டு இன்னொரு குடும்பம் கிடைக்கக் காத்திருப்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பக்கத்தில் பெருந்தரவுக் கேள்வி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விதிகள் வேறு: மரபணுத் தொகுதி முழுதும் தேடும்போது, தற்செயலாக நேரும் வாய்ப்பு 2 கோடியில் ஒன்றுக்கும் குறைவு என்றால்தான் முடிவை ஏற்பார்கள். தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை என்ற முடிவும் முறையாக எழுதினால் கட்டுரைதான். குழுத் தலைவர்கள் சிலருக்கு அதில் ஆர்வம் இருக்காது; சேருவதற்கு முன், அந்தக் குழுவிலிருந்து 'இல்லை' என்று சொல்லும் கட்டுரை ஏதாவது வெளிவந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் நல்ல இடம்.

கடைசியாக, நேரம் சம்பந்தப்பட்ட ஒன்று. காட்டா2 கோளாறுக்கு நிரந்தரத் தீர்வு மூலச்செல் மாற்று சிகிச்சைதான். முதலில் பார்க்கும் கொடையாளி உடன்பிறந்தவர். மாற்றம் பெற்றோரிடமிருந்து வந்தது என்றால், அவருக்கும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அவர் இன்று நலமாக இருப்பது அதற்கு எதிரான சான்று ஆகாது. அவரிடமிருந்து எடுத்தால் கோளாறையே திருப்பி ஏற்றியதாகிவிடும். எனவே சிகிச்சைத் தேதி குறிக்கும் முன் மரபணு முடிவு வேண்டும் என்று மருத்துவர்கள் நெருக்குவார்கள், ஆய்வகத்தில் ஏற்கெனவே முடிவு இருக்கிறதே, அதையே அனுப்பேன் என்பார்கள். அனுப்பக் கூடாது. ஆராய்ச்சி ஆய்வகத்தில் மாதிரிகள் இடம் மாறவும் வாய்ப்புண்டு. புதிதாக இரத்தம் எடுத்து, மருத்துவப் பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் திரும்பச் செய்த முடிவை வைத்துத்தான் சிகிச்சை. அதற்கு ஆகும் வாரங்களை மருத்துவர்களிடம் முதல் நாளிலேயே சொல்லிவைத்து, நோயாளியின் இரத்தம் போகும் அன்றே, அவர்கள் சம்மதித்தால், உடன்பிறந்தவர்களின் இரத்தத்தையும் அனுப்பச் சொல்லுங்கள்.